நாலு கோடி இலக்கப் பகா எண்: அது பகா எண்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

2024 அக்டோபர் 21 அன்று, இதுவரை அறியப்பட்டவற்றிலேயே மிகப் பெரிய பகா எண் கிடைத்துவிட்டது என்று அறிவிப்பு வந்தது. அந்த எண் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. அதாவது 13,62,79,841 இரண்டுகளை வரிசையாகப் பெருக்கி, வரும் விடையில் 1-ஐக் கழிக்க வேண்டும். விரித்து எழுதினால் 4,10,24,320 இலக்கங்கள். நொடிக்கு ஓர் இலக்கம் என்று இரவு பகலாக வாசித்தாலும் முடிக்க 475 நாள் ஆகும்.

செய்தியைப் படித்தவர்களுக்கு இயல்பாக எழும் கேள்விகள் மூன்று. இதுதான் கடைசிப் பகா எண்ணா? வங்கிப் பாதுகாப்புக்கும் ரகசியக் குறியீட்டுக்கும் இதனால் பயன் உண்டா? இவ்வளவு பெரிய எண் வேறு எதனாலும் வகுபடாது என்று யார், எப்படிச் சரிபார்த்தார்கள்?

முதல் இரண்டுக்கும் விடை சுருக்கமானது. மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது. நாலு கோடி இலக்கமுள்ள ஏதோ ஒரு எண்ணைக் கொடுத்து "இது பகா எண்ணா?" என்று கேட்டால், இன்றைய உலகத்தின் எந்தக் கணினியாலும் ஆம் என்று நிரூபிக்க முடியாது. இந்த எண்ணுக்கு மட்டும் முடிந்ததற்குக் காரணம் அதன் அளவு அல்ல, அதன் வடிவம்.

முதலில் அடிப்படை

1-ஐயும் தன்னையும் தவிர வேறு எந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாத, 1-ஐ விடப் பெரிய எண் பகா எண். 2, 3, 5, 7, 11, 13 என்று போகும். (இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்களுக்கு இது முதன்மை எண்.) மற்றவை பகு எண்கள். ஒவ்வொரு பகு எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக ஒரே ஒரு விதமாகத்தான் எழுத முடியும். 60 என்றால் 2 × 2 × 3 × 5, வேறு வழியே கிடையாது.

பகா எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றன என்பதை யூக்ளிட் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே நிரூபித்துவிட்டார். ஆகவே "மிகப் பெரிய பகா எண்" என்று ஒன்று கிடையாது. "அறியப்பட்டவற்றில் மிகப் பெரியது" என்பதுதான் சரியான பேச்சு. செய்தித் தலைப்புகளில் முதலில் விழுந்துபோவது இந்த "அறியப்பட்ட" என்ற சொல்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முந்தைய சாதனை எண் 2018 டிசம்பரில் கிடைத்த 2⁸²⁵⁸⁹⁹³³ − 1. அதற்கு 2,48,62,048 இலக்கங்கள். அதற்கும் புதிய எண்ணுக்கும் நடுவே பகா எண்ணே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. எந்த எண்ணுக்கும் அதன் இரட்டிப்புக்கும் இடையில் குறைந்தது ஒரு பகா எண்ணாவது இருக்கும் என்பது பெர்ட்ராண்டின் கூற்று. 19-ஆம் நூற்றாண்டில் ரஷ்யரான செபிஷேவ் இதை முதலில் நிரூபித்தார். நம் ராமானுஜன் 1919-இல் மிகச் சுருக்கமான வேறொரு நிரூபணத்தைத் தந்தார். பழைய எண்ணிலிருந்து புதியதுக்கு வர 5,36,89,908 தடவை இரட்டிக்க வேண்டும். அப்படியென்றால் இடையில் குறைந்தது ஐந்தரைக் கோடிக்குச் சற்றுக் குறைவான பகா எண்கள் இருப்பது நிச்சயம். இது வெறும் அடிமட்டக் கணக்கு. உண்மையான எண்ணிக்கையை எழுதவே நாலு கோடி இலக்கங்கள் வேண்டும். அந்தப் பகா எண்களில் மிக மிகச் சிலவற்றைத்தான் நாம் பெயர் சொல்லிக் காட்ட முடியும்.

வகுத்துப் பார்ப்பது ஏன் நடக்காது

பள்ளியில் சொல்லித் தரும் வழி, எண்ணின் வர்க்கமூலம் வரைக்கும் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்ப்பது. 97-க்கு 2, 3, 5, 7 போதும். புதிய எண்ணின் வர்க்கமூலத்துக்கே இரண்டு கோடி இலக்கங்களுக்கு மேல். கண்ணுக்கெட்டும் பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையை எழுத எண்பது சொச்சம் இலக்கம் போதும் என்று மதிப்பிடுகிறார்கள். எல்லா அணுவும் கணினியாகி, பிரபஞ்சம் பிறந்த நாளிலிருந்து வகுத்துக்கொண்டே இருந்தாலும் கணக்கு தொடங்கிய இடத்திலேயேதான் நிற்கும்.

சரி, வகுக்காமலே கண்டுபிடிக்க வழி உண்டா? உண்டு. 2002-இல் கான்பூர் ஐஐடியைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் எந்த எண்ணையும் நியாயமான நேரத்துக்குள், எந்த ஊகமும் இல்லாமல் சோதிக்கும் முறை ஒன்று இருக்கிறது என்று நிரூபித்தார்கள். கோட்பாட்டளவில் அது மாபெரும் வெற்றி. ஆனால் "நியாயமான நேரம்" என்பதற்குக் கணிதவியலாளர் தரும் பொருள், இலக்கங்கள் கூடும்போது நேரம் கட்டுக்கடங்கிய வேகத்தில் கூடும் என்பதுதான். நடைமுறையில் அந்த முறை மெதுவானது. பொதுவான எண்களைச் சோதிக்க இன்று கையில் இருக்கும் சிறந்த கருவி நீள்வட்ட வளைவுகள் எனப்படும் ஒருவகைச் சமன்பாட்டு வளைவுகளைப் பயன்படுத்தும் முறை. அதைக் கொண்டு நிரூபிக்கப்பட்ட மிகப் பெரிய எண்கள் ஒரு லட்சம் இலக்கத்தை ஒட்டியே நிற்கின்றன.

ஒரு லட்சம் எங்கே, நாலு கோடி எங்கே! நானூறு மடங்கு இடைவெளி. இந்த இடைவெளியைத் தாண்ட வைத்தது மெர்சென் வடிவம்.

மெர்சென் எண்கள்

2-இன் ஏதாவது ஓர் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைப்பது மெர்சென் எண். 3, 7, 15, 31, 63, 127 என்று போகும். 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சுத் துறவி மரின் மெர்சென் பெயரால் வழங்குகிறது.

இரும முறையில் எழுதினால் இவற்றின் முகமே வேறு. 7 என்பது 111, 31 என்பது 11111, 63 என்பது 111111. எல்லாமே 1, நடுவில் ஒரு சுழியம்கூட இல்லை. புதிய சாதனை எண்ணும் 13,62,79,841 ஒன்றுகள் வரிசையாக நிற்பதுதான்.

இப்படி எழுதிப் பார்த்தால் ஒரு முக்கியமான உண்மை கண்ணிலேயே தெரிந்துவிடும். 63-இல் ஆறு ஒன்றுகள். ஆறை மூன்று மூன்றாகப் பிரிக்கலாம் என்பதால் 111111 = 111 × 1001. அதாவது 63 = 7 × 9. ஒன்றுகளின் எண்ணிக்கையைச் சம துண்டுகளாகப் பிரிக்க முடிந்தால் எண்ணும் உடைந்துவிடும். ஆகவே மெர்சென் எண் பகா எண்ணாக இருக்க வேண்டுமென்றால் அடுக்கும் (அதாவது எத்தனை இரண்டுகளைப் பெருக்குகிறோம் என்ற எண்ணும்) பகா எண்ணாக இருந்தே தீர வேண்டும்.

இதைத் தலைகீழாகப் படிப்பதுதான் வழக்கமான தவறு. அடுக்கு பகா எண் என்றால் மெர்சென் எண்ணும் பகா எண் என்று ஆகாது. 11 பகா எண், ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. எண்கள் வளர வளர இப்படி உடைபவையே மிக மிக அதிகம். அத்தனை அடுக்குகளையும் தேடியதில் இதுவரை அகப்பட்ட மெர்சென் பகா எண்கள் 52 மட்டுமே.

மெர்சென் 1644-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். 257 வரையிலான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவை மட்டும் பகா எண் தரும் என்றார். அதில் 67, 257 இரண்டும் தவறு. 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. ஆனால் அந்தத் தவறுகளை எல்லாம் கண்டறிந்து முடிக்க முந்நூறு ஆண்டுகள் ஆயின. இந்த வேலை எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

வடிவம் தரும் மூன்று சலுகைகள்

1. காரணிகள் எங்கே இருக்கலாம் என்பது முன்கூட்டியே தெரியும். அடுக்கு 2-ஐ விடப் பெரிய பகா எண்ணாக இருந்தால், மெர்சென் எண்ணின் எந்தக் காரணியையும் அடுக்கின் இரட்டிப்பால் வகுத்தால் மீதி 1 வரும். 2047-க்கு அடுக்கு 11, இரட்டிப்பு 22. 23 = 22 + 1; 89 = 22 × 4 + 1. கூடவே, 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 தான் வரும். 23-க்கு 7, 89-க்கு 1, சரியாக வருகிறது. சாதனை எண்ணுக்கு இதைப் பொருத்தினால் 27,25,59,683-க்குக் கீழே ஒரு காரணிகூட இருக்க வழியில்லை. அந்த எண்களையெல்லாம் தொடவே வேண்டாம். பெரும்பாலான அடுக்குகள் சிறிய காரணி அகப்பட்டு இந்த முதல் சல்லடையிலேயே கழிந்துவிடும்.

2. வகுத்து மீதி காண்பது மிகச் சுலபம். இதைக் கீழே செய்தே பார்க்கலாம்.

3. எண்ணோடு 1-ஐக் கூட்டினால் வருவது 2-இன் அடுக்கு. பார்த்தால் அற்பமாகத் தோன்றும், ஆனால் மூன்றிலும் ஆழமானது இதுதான். ஓர் எண்ணுக்கு முந்தைய எண்ணையோ அடுத்த எண்ணையோ முழுமையாகக் காரணிப்படுத்த முடிந்தால், நடுவில் இருப்பது பகா எண்தானா என்று வேகமாக நிரூபித்துவிடலாம். சாதாரண எண்ணுக்கு அந்தக் காரணிப்படுத்தலே தலைவலி. மெர்சென் எண்ணுக்கோ அடுத்த எண் வெறும் இரண்டுகளின் பெருக்கல், காரணிகள் பிறக்கும்போதே கையில் இருக்கின்றன.

லூக்கா–லெமர் சோதனை

இந்த மூன்றாவது சலுகையைக் கருவியாக்கியவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எடுவார் லூக்கா. 1876-இல் அவர் 2¹²⁷ − 1 பகா எண் என்று கையாலேயே கணக்கிட்டுக் காட்டினார். 39 இலக்கம். அடுத்த 75 ஆண்டுகளுக்கு அதைவிடப் பெரிய பகா எண் யாருக்கும் தெரியாது. பின்னர் 1930-களில் அமெரிக்கர் டெரிக் லெமர் அந்த முறையை இன்றுள்ள எளிய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

முறை இவ்வளவுதான். 4-இல் தொடங்கு. வர்க்கப்படுத்து, 2-ஐக் கழி, மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இதைச் செய். கடைசியில் சுழியம் வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். "அநேகமாக" என்ற பேச்சுக்கே இடமில்லை, இரண்டு பக்கமும் உறுதியான தீர்ப்பு.

அடுக்கு 5-க்குப் பார்ப்போம். எண் 31, மூன்று தடவை செய்ய வேண்டும்.

தொடக்கம்: 4.
முதல் தடவை: 4 × 4 − 2 = 14.
இரண்டாவது: 14 × 14 − 2 = 194. 31-ஆல் வகுத்தால் மீதி 8.
மூன்றாவது: 8 × 8 − 2 = 62. 31-ஆல் வகுத்தால் மீதி 0.

ஆக 31 பகா எண். 127-க்கு இதே வரிசை 4, 14, 67, 42, 111, 0 என்று போய்ச் சுழியத்தில் முடியும். பகு எண்ணான 2047-க்குச் செய்தால் 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. கடைசியில் நிற்பது 1736, சுழியம் இல்லை. தாளும் பேனாவும் இருந்தால் அரை மணி நேரத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.

இப்போது இரண்டாவது சலுகைக்கு வருவோம். மேலே 194-ஐ 31-ஆல் வகுத்தோம் அல்லவா? கணினி அங்கே வகுப்பதே இல்லை. 194 இரும முறையில் 11000010. அதை வலப்பக்கத்திலிருந்து ஐந்து இலக்கம் விட்டு வெட்டினால் 110 | 00010. இடப்பக்கம் 6, வலப்பக்கம் 2. கூட்டினால் 8. மீதி கிடைத்துவிட்டது! 32-ஐ 31-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், இடப்பக்கத் துண்டை அப்படியே இறக்கி வலப்பக்கத்தோடு கூட்டிக்கொள்ளலாம். நாலு கோடி இலக்க எண்ணுக்கும் இதே வேலைதான்: வெட்டு, கூட்டு. வகுத்தல் என்ற மிகக் கனமான வேலை கணக்கிலிருந்தே காணாமல் போகிறது.

மிஞ்சுவது வர்க்கப்படுத்துவது மட்டும். அதுவும் லேசானதல்ல. 13.6 கோடி இரும இலக்கமுள்ள எண்ணை அதே எண்ணால் பெருக்க வேண்டும், அதை 13 கோடியே 62 லட்சம் தடவைக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பள்ளிக்கூடப் பெருக்கலில் ஒவ்வோர் இலக்கத்தையும் மற்ற ஒவ்வோர் இலக்கத்தோடும் பெருக்குவோம். அப்படிப் போனால் ஒரே ஒரு வர்க்கத்துக்கு ஏறக்குறைய 18-க்குப் பின் பதினைந்து சுழியம் போட்ட அளவுக்குச் சின்னச் சின்னப் பெருக்கல்கள் தேவை. இதைத் தவிர்க்க, ஒலி அலைகளை ஆராயப் பயன்படும் விரைவு ஃபூரியர் உருமாற்றத்தைக் கையில் எடுக்கிறார்கள். எண்ணின் இலக்கங்களை அலை ஒன்றின் மாதிரிகளாகப் பாவித்து உருமாற்றி, அங்கே இலக்கத்துக்கு இலக்கம் பெருக்கி, மறுபடி திருப்பிக் கொண்டுவருவது. 1994-இல் ரிச்சர்ட் கிராண்டாலும் பேரி ஃபேகினும் இதில் ஒரு திருத்தம் செய்தார்கள். அதனால் மேலே பார்த்த "வெட்டு, கூட்டு" வேலையும் உருமாற்றத்துக்குள்ளேயே தானாக நடந்துவிடுகிறது. மெர்சென் வேட்டை முழுக்க இந்த யோசனையின் முதுகில்தான் ஓடுகிறது.

டப்ளினிலும் சான் அன்டோனியோவிலும் நடந்தது

தேடலை நடத்துவது கிம்ப்ஸ் என்ற தன்னார்வத் திட்டம். 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கினார். உலகெங்கும் ஆர்வலர்கள் தங்கள் கணினியில் அதன் மென்பொருளை நிறுவி, சும்மா கிடக்கும் நேரத்தைக் கொடுப்பார்கள். 28 ஆண்டுகளாகச் சாதனைகள் எல்லாம் வீட்டுக் கணினி, அலுவலகக் கணினி வகையிலேயே வந்தன. 2024-இல் அது மாறியது. என்விடியா நிறுவனத்தின் முன்னாள் ஊழியரான லூக் டுரான்ட், 17 நாடுகளில் உள்ள தரவு மையங்களில் வரைகலைச் செயலிகளை வாடகைக்கு எடுத்து இந்தத் தேடலில் இறக்கினார். ஆயிரக்கணக்கான சிறு கணக்குகளை ஒரே சமயத்தில் செய்யும் அந்தச் செயலிகளுக்கு ஃபூரியர் உருமாற்றம் கைவந்த வேலை. அவற்றில் ஓடிய மென்பொருளுக்கு அடித்தளம் மிஹாய் பிரேடா எழுதியது.

அக்டோபர் 11 அன்று அயர்லாந்தின் டப்ளினில் இருந்த ஏ100 செயலி ஒன்று, இந்த எண் "அநேகமாகப் பகா எண்" என்று சொன்னது. மறுநாள் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் இருந்த எச்100 செயலி லூக்கா–லெமர் சோதனை மூலம் உறுதிசெய்தது. பிறகு வேறு வேறு கணினிகளில், வேறு வேறு மென்பொருளில் மறுபடியும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அறிவித்தார்கள்.

உறுதியான சோதனை கையில் இருக்கும்போது, "அநேகமாக" என்று சொல்லும் சோதனையை ஏன் முதலில் ஓட்டினார்கள்? காரணம், கணினிகள் தவறும். நாள்கணக்கில் ஓடும் கணக்கில் எங்கோ ஓர் இரும இலக்கம் புரண்டுவிட்டால், அதற்குப் பின் வரும் அத்தனையும் குப்பை. உண்மையான பகா எண் கையைவிட்டுப் போனதே தெரியாமல் போய்விடும்.

முதலில் ஓட்டும் சோதனைக்கு அடிப்படை ஃபெர்மாவின் சிறிய தேற்றம். 3-ஐ, சோதிக்கும் எண்ணுக்கு ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி அந்த எண்ணால் வகுத்தால், எண் பகாவாக இருந்தால் (3-ஐத் தவிர) மீதி 1 வந்தே ஆக வேண்டும். 1 வந்தால் பகாதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. சில பகு எண்களும் ஏமாற்றித் தேறிவிடும். 3-க்குப் பதில் 2-ஐ வைத்தால், அடுக்கு பகா எண்ணாக உள்ள மெர்சென் எண்கள் எல்லாமே தேறிவிடும், 2047 உட்பட. அதனால்தான் 3.

இந்தச் சோதனையின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. இது வர்க்கப்படுத்துவதையே திரும்பத் திரும்பச் செய்வதால், 2017-இல் ராபர்ட் கெர்பிட்ஸ் சொன்ன சரிபார்ப்பு உத்தி இதற்குப் பொருந்தும். கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழை நுழைந்தால் பிடித்து, நல்லபடியாக இருந்த இடத்துக்குத் திரும்பி மறுபடி ஓட்டலாம். லூக்கா–லெமரில் ஒவ்வொரு தடவையும் "2-ஐக் கழி" என்று வருவதால் அந்த உத்தி அங்கே உட்காராது. 2020-இலிருந்து இன்னொரு வசதியும் சேர்ந்தது. சோதனையை ஓட்டியவர் கணக்கோடு ஒரு சான்றையும் அனுப்புவார். மற்றொருவர் முழுக் கணக்கையும் மறுபடி செய்யாமல், நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான உழைப்பில் அந்தச் சான்றைச் சரிபார்த்துவிடலாம். அதற்கு முன் ஒவ்வோர் அடுக்கையும் இருவர் தனித்தனியே முழுசாக ஓட்ட வேண்டியிருந்தது.

கணினி தவறும் என்பதை இதே மென்பொருள் வேறு விதமாகவும் காட்டியிருக்கிறது. கிம்ப்ஸ் மென்பொருளான பிரைம்95, செயலியை விளிம்புவரை வேலை வாங்கும். அதனால் கணினி கட்டுபவர்கள் புதிய இயந்திரம் தாங்குமா என்று பார்க்க அதையே ஓட்டுவார்கள். 2016-இல் இன்டெலின் ஸ்கைலேக் செயலிகளில் இருந்த உறைந்துபோகும் குறை வெளிப்பட்டது இந்த மென்பொருளை ஓட்டியபோதுதான்.

பகு எண் என்று தெரியும், ஆனால் காரணி தெரியாது

இந்தச் சோதனைகள் பற்றி இன்னொன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். "பகு எண்" என்று தீர்ப்பு வந்தாலும் காரணி என்ன என்று அவை சொல்லாது. மேலே 2047-க்குக் கிடைத்த 1736-ஐ எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் 23-ஓ 89-ஓ அதில் தெரியாது.

மெர்சென் பட்டியலில் இருந்த 67-ஐ எடுத்துக்கொள்வோம். 2⁶⁷ − 1 பகு எண் என்று லூக்கா 1876-இலேயே சொல்லிவிட்டார். காரணிகள் தெரிய 1903 ஆனது. அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் அதைப் போட்டுக் காட்டினார்:

193707721 × 761838257287 = 147573952589676412927.

இருபத்தேழு ஆண்டு இடைவெளி. இன்றும் நிலைமை அதேதான். 2¹²⁷⁷ − 1 என்ற எண்ணுக்கு 385 இலக்கம்தான். அது பகு எண் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் காரணி ஒன்றுகூட இன்றுவரை யாருக்கும் தெரியாது. நாலு கோடி இலக்க எண் பகா எண் என்று நிரூபிக்க முடிகிறது, 385 இலக்க எண்ணை உடைக்க முடியவில்லை. "பகாவா?" என்று கேட்பதும் "காரணி என்ன?" என்று கேட்பதும் முற்றிலும் வேறு வேறு கேள்விகள்.

வங்கிக்கும் வாட்ஸ்அப்புக்கும் பயன்படுமா?

இணையப் பாதுகாப்பு நிற்பது இந்த வேறுபாட்டின் மேல்தான். ஆர்எஸ்ஏ என்ற பழைய, பரவலான முறையில், கணினி இரண்டு பெரிய பகா எண்களை ரகசியமாகத் தேர்ந்து பெருக்கி, விடையை மட்டும் வெளியே காட்டும். விடையை உடைக்க முடியாததுதான் பூட்டு. வழக்கமான 2048 இரும இலக்கச் சாவிக்குத் தேவையான பகா எண்கள் முந்நூறு சொச்சம் இலக்கம் கொண்டவை. அந்த அளவில் தற்செயலாக எடுக்கும் ஒற்றை எண்களில் ஏறக்குறைய 355-க்கு ஒன்று பகா எண். ஆகவே கணினி சில நூறு எண்களைச் சோதித்தாலே கிடைத்துவிடும்.

அங்கே 4 கோடி இலக்க எண் உதவாது. அளவு தேவைக்கு மிக மிக அதிகம். அதைவிட முக்கியமாக, ரகசியமாக இருக்க வேண்டிய எண் உலகத்துக்கே தெரிந்திருந்தால் அது சாவியே அல்ல. ஆகவே இந்தக் கண்டுபிடிப்பால் யாருடைய வங்கிக் கணக்கும் கூடுதல் பாதுகாப்பு அடையவில்லை, ஆபத்துக்கும் உள்ளாகவில்லை.

ஆனால் மெர்சென் வடிவத்தின் "வெட்டு, கூட்டு" வசதி அன்றாடப் பயன்பாட்டில் இருக்கிறது. நீள்வட்ட வளைவுக் குறியீட்டு முறைகளில் பகா எண் ரகசியமாக இருக்க வேண்டியதில்லை, கணக்கு வேகமாக நடந்தால் போதும். அமெரிக்கத் தர நிர்ணயத்தில் உள்ள ஒரு வளைவு 2⁵²¹ − 1 என்ற மெர்சென் பகா எண் மேலேயே கட்டப்பட்டது. 1952-இல் ரபேல் ராபின்சன் கணினி கொண்டு கண்டுபிடித்த முதல் மெர்சென் பகா எண் அது. வாட்ஸ்அப், சிக்னல் செயலிகள் பயன்படுத்தும் வளைவுக்கு அடிப்படை 2²⁵⁵ − 19. அது மெர்சென் எண் அல்ல, ஆனால் 2-இன் அடுக்குக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதே சலுகை கிட்டத்தட்ட முழுசாகக் கிடைக்கிறது. பைத்தான் மொழியில் தற்செயல் எண் கேட்டால், அதைத் தரும் நிரலின் சுழற்சி நீளம் 2¹⁹⁹³⁷ − 1. அதுவும் மெர்சென் பகா எண்தான்.

கூடவே பிறந்த நிறைவெண்

தன்னைத் தவிர்த்த வகுஎண்களையெல்லாம் கூட்டினால் அந்த எண்ணே திரும்ப வந்தால் அது நிறைவெண். 6 = 1 + 2 + 3. 28 = 1 + 2 + 4 + 7 + 14. மெர்சென் பகா எண்ணை, அதன் அடுக்கில் ஒன்று குறைத்த 2-இன் அடுக்கால் பெருக்கினால் நிறைவெண் கிடைக்கும் என்று யூக்ளிட் காட்டினார். 3 × 2 = 6, 7 × 4 = 28, 31 × 16 = 496. இரட்டைப்படை நிறைவெண்கள் எல்லாமே இப்படித்தான் வரும் என்று இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து ஆய்லர் நிரூபித்தார். ஆகவே ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணோடும் ஒரு நிறைவெண் பிறக்கிறது. இந்தத் தடவை பிறந்ததற்கு 8,20,48,640 இலக்கங்கள். ஒற்றைப்படை நிறைவெண் ஒன்றாவது உண்டா என்பது கணிதத்தின் மிகப் பழைய விடை தெரியாத கேள்விகளில் ஒன்று.

இன்னும் திறந்திருப்பவை

52 கிடைத்துவிட்டது, 53 கிடைக்குமா? பகா எண்கள் முடிவில்லாதவை என்று நிரூபணம் உண்டு. மெர்சென் பகா எண்கள் முடிவில்லாதவையா என்பதற்கு நிரூபணம் இல்லை. லென்ஸ்ட்ரா, பொமெரன்ஸ், வாக்ஸ்டாஃப் மூவரின் பெயரில் வழங்கும் ஊகம், அடுக்கின் அளவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் சராசரியாக 1.78 மெர்சென் பகா எண்கள் வர வேண்டும் என்கிறது. அந்தக் கணக்குப்படி 13.6 கோடி அடுக்குவரை 48 இருக்க வேண்டும். கையில் இருப்பது 52. ஊகம் நன்றாகவே பொருந்துகிறது.

இந்தப் புதிய எண் வரிசையில் 52-ஆவதுதான் என்றும் யாரும் சொல்லவில்லை. அறிவிப்பு வந்தபோது, முந்தைய எண்ணுக்கும் இதற்கும் நடுவே இருந்த அடுக்குகள் எல்லாம் சோதித்து முடிக்கப்பட்டிருக்கவில்லை. நடுவில் இன்னொன்று ஒளிந்திருந்து பின்னால் கிடைக்கலாம். "அறியப்பட்ட 52-ஆவது" என்று கவனமாக எழுதுவது அதனால்தான்.

அடுத்த இலக்கு 10 கோடி இலக்கம். அதை முதலில் எட்டுபவருக்கு, இணைய உரிமைகளுக்கான அமெரிக்க அமைப்பான எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் அறிவித்திருக்கும் பரிசு 1,50,000 டாலர். ஒரு கோடி இலக்கத்துக்கான 1,00,000 டாலர் பரிசை, 2008-இல் கிடைத்த 2⁴³¹¹²⁶⁰⁹ − 1 ஏற்கெனவே வென்றுவிட்டது. 10 கோடி இலக்கத்துக்கு அடுக்கு 33.2 கோடியைத் தாண்ட வேண்டும். வர்க்கப்படுத்தும் தடவைகள் இரண்டரை மடங்கு கூடும், ஒவ்வொரு வர்க்கத்தின் வேலையும் ஏறக்குறைய அதே அளவு கூடும். ஆகவே ஒரே ஓர் அடுக்கைச் சோதிக்க இப்போது ஆவதைப் போல ஆறு மடங்கு உழைப்பு. ஊகத்தின்படி, 33.2 கோடிக்கும் அதன் இரட்டிப்புக்கும் இடையில் அப்படிப்பட்ட எண்கள் இரண்டுக்கும் சற்றுக் குறைவாகவே எதிர்பார்க்கலாம்.